வலிக்கிறது என்று சொல்ல ஓர் இடம்

கடந்த பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் மகன் என்னைத் தனியே அழைத்தான். அவனுக்குப் பதினைந்து வயது. மாவட்ட அளவில் 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறான். வாசலில் யாரும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: “அக்கா, நீ அன்னிக்கு ஓடுறதுக்கு முன்னாடி போட்டியே, அந்த மாத்திரை பேரு என்னக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாத்திரையைப் பற்றி அவனுக்குச் சொன்னது நான்தான். பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு வெண்கலப் பதக்கம் தொங்குகிறது. கால் வலியோடு நான் ஓடி அதை வாங்கிய கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் சொல்வார். பல முறை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் சொன்னதெல்லாம் கதையின் முதல் பாதி மட்டுமே. மறுபாதியை மறைத்ததன் பலன், இப்போது ஒரு பையனின் காலில் வந்து நிற்கிறது. ஆகவே இந்த ஆண்டு மலரில் அந்த மறுபாதியையும், அதையொட்டி நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதத் துணிந்தேன்.

பதக்கத்தின் மறுபாதி

நான் ஆறாண்டு படித்தது ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். செம்மண் திடல். மழை பெய்தால் சறுக்கும். வெயில் அடித்தால் சுடும். காலணி இல்லாமல் ஓடித்தான் பழகினோம். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே மலாய் மொழியில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். திடலில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. ஒரு திங்கட்கிழமை சபைகூடலில் ஆசிரியர் என் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்துப் பாராட்டியபோதுதான் அந்தப் பள்ளியில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பினேன். அந்த இடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

2019-ஆம் ஆண்டு, நான்காம் படிவம். இடது முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பில் ஒரு வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வலித்தது. இரண்டு வாரத்தில் ஓடும்போதே வலித்தது. அப்புறம் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தது. எப்போதும் ஒரே இடம். ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். பயிற்றுநரிடம் சொன்னேன். “வலிக்காம ஓட முடியுமா?” என்று சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். அவரும் அப்படிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர். நான் மறுமுறை சொல்லவில்லை. மாநில அளவிலான போட்டியன்று மூத்த மாணவி ஒருத்தி இரண்டு வலி மாத்திரைகளைக் கொடுத்தாள். வெறும் வயிற்றில் விழுங்கினேன். ஓடினேன். மூன்றாவதாக வந்தேன்.

மறு வாரம் பள்ளிப் படிக்கட்டில் ஏற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ‘ஒன்றுமில்லையாம்’ என்ற செய்தி என் காலுக்கு முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாக்குப்போக்கு என்று சிலர் பேசினார்கள். சில வாரங்கள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: அழுத்த முறிவு. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தைவிட வேகமாக மீண்டும் மீண்டும் சுமை விழும்போது உண்டாகும் நுண்ணிய விரிசல் அது. தொடக்க வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பிடிபடாது.

அந்த மருத்துவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய்? காலையில் என்ன சாப்பிடுகிறாய்? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? மூன்றாவது கேள்விக்குத் தலைகுனிந்தேன். ஐந்து மாதமாக வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்வதன் அடையாளம் அது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு இல்லாதபோது உடல் முதலில் இதையெல்லாம் நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும் என்றும், எலும்பும் அந்தச் சிக்கனத்தில் மெலியும் என்றும் அவர் விளக்கினார். அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014-இல் இதற்கென ஒரு பெயரே வைத்து, பயிற்றுநர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறது என்பதை நான் பல்கலைக்கழகம் வந்த பிறகே படித்தேன். என் கால் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த செய்தி இதுதான். கேட்பதற்குத்தான் ஆளில்லை. என்னையும் சேர்த்து.

ஓய்வெடுத்தேன். மெல்லத் திரும்பலாம் என்றிருந்த வேளையில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. திடல் மூடப்பட்டது. எஸ்.பி.எம். வந்தது. நான் மறுபடியும் போட்டியில் ஓடவே இல்லை. பதக்கக் கதையின் மறுபாதி இவ்வளவுதான்.

பாட்டியின் மணிக்கட்டு

வலியைச் சொல்லாதே என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு மரத்துக்கு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டு, அப்புறம் தோளில் காண்டாக் கம்பு, இரு பக்கமும் பால் வாளி. இன்றும் அவரால் வலது மணிக்கட்டை முழுதாகத் திருப்ப முடியாது. கோடாலித் தைலம்தான் அவருக்கு மருத்துவம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “சொன்னா? அன்னிக்குச் சம்பளம் யாரு குடுப்பா?” என்றார்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் சீக்கு என்றால் டிரசரிடம் போக வேண்டும். அவர் சீட்டுக் கொடுத்தால்தான் சீக்கு; கொடுக்காவிட்டால் வேலைக் கள்ளம். காய்ச்சல் என்றால் வெப்பமானி சாட்சி சொல்லும். வெட்டுக்காயம் என்றால் இரத்தம் சாட்சி சொல்லும். வலிக்குச் சாட்சி யார்? வலிப்பவரின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்வதே புத்திசாலித்தனம். நம் முன்னோரின் பொறுமையைப் பற்றி நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதில் எவ்வளவு பொறுமை, எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்துப் பார்த்தோமா? வேறு வழியின்றி மௌனமாக இருந்ததை நாம் குணம் என்று எண்ணி, அதையே பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. நெகிரி செம்பிலானில் எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். டிரசர் இல்லை, கங்காணி இல்லை. மௌனம் மட்டும் எங்களோடு லோரியில் ஏறி வந்துவிட்டது.

வலி என்பது என்ன?

வலியும் காயமும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரிய காயம் என்றால் பெரிய வலி. வலி இல்லை என்றால் காயம் இல்லை. அறிவியல் இதை ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1944-இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், பலத்த காயம் அடைந்தவர்களிலும் பெரும்பாலோர் வலி மருந்து கேட்கவில்லை என்று பதிவு செய்தார். உயிரோடு தப்பித்துப் போர்முனையிலிருந்து வெளியேறிவிட்டோம் என்ற நிம்மதி அவர்களின் வலியையே மாற்றியிருக்கிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். காயத்திலிருந்து புறப்படும் சமிக்ஞை முதுகுத்தண்டில் ஒரு வாயிற்கதவைக் கடந்துதான் மூளைக்குப் போகிறது. அந்தக் கதவை மூளையே கொஞ்சம் திறக்கவும் மூடவும் செய்யும் என்றார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியா? தைப்பூசத்தில் அலகுக் காவடி எடுப்பவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விரதம், உறுமி மேளம், சுற்றி நிற்கும் உறவினர், மனத்தில் உள்ள வேண்டுதல் எல்லாம் சேர்ந்து அந்த வேலின் வலியை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. அதே ஆள் மறுநாள் காலில் முள் குத்தினால் அலறுவார். உடல் அதேதான். சூழலும் பொருளும்தான் வேறு.

அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் 2020-இல் வலிக்குத் தந்த திருத்திய வரையறையிலும் உடலுணர்வோடு மன உணர்வும் சேர்ந்தே இருக்கிறது. திசுச்சேதம் உண்மையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2017-இல் உயர்மட்ட விளையாட்டாளர்களின் வலியைப் பற்றி நிபுணர்களைக் கூட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. காயம் வேறு, வலி வேறு என்பதுதான் அதன் அடித்தளம். காயம் ஆறிய பிறகும் வலி நீடிக்கலாம். காயம் இருந்தும் வலி தெரியாமல் போகலாம். தூக்கக் குறைவு, பயம், தேர்வுப் பதற்றம், தோல்வி, வீட்டுக் கவலை ஆகியவை வலியைக் கூட்டும். எனவே வலியைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகுதான் தணிக்கும் வழி என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த வரிசையும் இதுவே. நாம்தான் மூன்றாவது படியிலிருந்து தொடங்குகிறோம், அதுவும் மருந்துக்கடையில்.

வீரக் கதைகளில் விடுபடுவது

“வலியைப் பார்த்தால் சாம்பியன் ஆக முடியுமா?” என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றபோது, நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்தார். வலிக்காமலா இருந்திருக்கும்? விளையாட்டாளர்கள் மற்றவர்களைவிட அதிக வலியைத் தாங்குகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் உறுதிப்படுத்துகிறது. தாங்கும் திறன் ஒரு திறமைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எந்த வலியைத் தாங்குவது? கடும் பயிற்சிக்கு மறுநாள் இரு தொடைகளும் பரவலாக வலிப்பது ஒன்று. அது இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். உழைப்பின் வலி அது. ஒரே இடத்தில், ஒரு விரலால் காட்டக்கூடியதாய், பயிற்சிக்குப் பயிற்சி கூடிக்கொண்டே போவது வேறொன்று. இரவில் எழுப்புவது, நொண்ட வைப்பது, வீங்குவது, மரத்துப்போவது எல்லாம் எச்சரிக்கை. முன்னதைத் தாங்கலாம். பின்னதைத் தாங்குவது, வீட்டில் தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது மணியின் கம்பியை அறுப்பதற்குச் சமம். எனக்கு இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மலேசியர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய வலிக் கதை அசிசுல்ஹஸ்னி அவாங்குடையது. 2011 பிப்ரவரி மாதம் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ண மிதிவண்டிப் போட்டியின் கெய்ரின் இறுதிச் சுற்றில் அவர் விழுந்தார். ஓடுதளத்தின் மரச்சிராய், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், அவரது கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அதோடு எழுந்து வண்டியில் ஏறி மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார். அந்தப் படத்தை நாம் மறக்க மாட்டோம். ஆனால் கோட்டைக் கடந்த மறுகணம் அவரைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள், அறுவைச் சிகிச்சை நடந்தது, திட்டமிட்ட மறுவாழ்வுப் பயிற்சி இருந்தது என்பதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. 2017-இல் அவர் உலக வெற்றியாளர் ஆனதற்கு அந்தச் சில நொடி வீரம் மட்டும் காரணம் ஆகுமா?

நம் சிவசங்கரி சுப்ரமணியத்தைப் பாருங்கள். சுவர்ப்பந்து வீராங்கனை. 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிவு. அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டி கைநழுவிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மாதமே ஆடவில்லை. காத்திருந்து, படிப்படியாகத் திரும்பி, 2023-இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024-இல் லண்டனில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை வீழ்த்திக் கிண்ணத்தை வென்றார். என் சித்தப்பா மகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இது. காத்திருப்பதும் வீரம்தான்.

இன்னொருவர் டாக்டர் எம். ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற மனிதர், மருத்துவராகவும் ஆனார். பிற்காலத்தில் விளையாட்டு மருத்துவத்துக்கும் ஊக்கமருந்துத் தடுப்புக்கும் உழைத்தார். ஓடத் தெரிந்தவரும் உடலைப் படித்தவரும் ஒரே ஆளாக நம் நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்பதை நினைத்தால், இன்றும் பள்ளித் திடலில் ‘ஸ்பிரே அடி, ஓடு’ என்று நிற்பது வருத்தமாக இருக்கிறது.

மாத்திரையின் கணக்கு

நான் விழுங்கிய வகை மாத்திரை நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை குறைக்கின்றன. அதனால் வீக்கமும் வலியும் குறையும். ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. வெறும் வயிறு, மதிய வெயில், வியர்வை, இரண்டு மாத்திரை: நான் செய்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது புரிகிறது. மருத்துவர் பார்த்து, குறுகிய காலத்துக்கு, அளவோடு தருவது வேறு. வலி வருவதற்கு முன்பே, வலி வரக்கூடாது என்பதற்காக விழுங்குவது வேறு.

இந்தத் தவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை. 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில், அணி மருத்துவர்கள் தந்த தகவல்படி, ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டு ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் வலி மருந்து எடுத்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பவர்களே இப்படி என்றால், அவர்களைப் பார்த்து வளரும் ரந்தாவ் பையன் எப்படி இருப்பான்?

சட்டச் சிக்கலும் உண்டு. 2014 உலகப் பூப்பந்துப் போட்டியில் டத்தோ லீ சோங் வெய்யின் சோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற வீக்கம் குறைக்கும் மருந்து கண்டறியப்பட்டது. அது ஒரு துணையுணவுக் குளிகையின் உறை வழியாக உடலில் சேர்ந்தது, ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. இருந்தும் எட்டு மாதத் தடை. வெள்ளிப் பதக்கமும் பறிபோனது. அதன் பிறகு விதிகள் மேலும் இறுகியுள்ளன. அந்த வகை ஸ்டீராய்டு மருந்துகளை ஊசியாகப் போடுவது போட்டிக் காலத்தில் 2022 முதல் தடை. டிராமடோல் என்ற வலுவான வலி மருந்து போட்டிக் காலத்தில் 2024 ஜனவரி 1 முதல் தடை. உண்மையான தேவை இருப்பவர் முன்கூட்டியே அனுமதி பெற வழியுண்டு. ‘யாரோ கொடுத்தார்கள், போட்டேன்’ என்பது அங்கே செல்லாது.

சொன்னால் இழப்பு என்றால் யார் சொல்வார்?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். வலியைப் பற்றிய அறிவு நம் நாட்டில் இல்லாமல் இல்லை. புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டுக் கழகத்தில் விளையாட்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சு 2008 முதல் தன் மருத்துவமனைகளில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகவே கணக்கிடச் சொல்லியிருக்கிறது. உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு, “வலி எவ்வளவு? சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்” என்று தாதி கேட்டு எழுதிக்கொள்கிறார். பாட்டியை அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்திருந்தபோது அவரிடமும் கேட்டார்கள். பாட்டி விழித்தார். எண்பது வயதில் முதன்முறையாக ஒருவர் அவர் வலியைக் கேட்டு, அவர் சொன்ன எண்ணை அப்படியே நம்பி எழுதிக்கொண்டதை அவரால் நம்ப முடியவில்லை. “நாலுன்னு சொல்லு” என்று என்னிடம் கிசுகிசுத்தார். பத்தாக இருந்திருக்கும்.

பாட்டி ஏன் குறைத்துச் சொன்னார்? சொன்னால் ஏதோ ஒன்றை இழப்போம் என்ற பழைய பயம். நான் ஏன் மறைத்தேன்? அணியில் இடம் போய்விடும் என்ற பயம். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் ஏன் மறைக்கிறார்? தேர்வுக் குழுவின் பட்டியல். மூன்றும் ஒரே பயம்தான். வலியைச் சொல்பவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்வரை, எத்தனை எம்.ஆர்.ஐ. இயந்திரம் வாங்கினாலும் வலி உள்ளேயே புதைந்திருக்கும். வலியைக் கையாளும் வேலை, தண்டனைக்கு அஞ்சாமல் ஒருவர் வாய் திறக்கும் இடத்தில் தொடங்குகிறது. மருந்து அதற்குப் பிறகுதான்.

“எல்லாரும் வலி வலி என்று உட்கார்ந்துவிட்டால்?” என்று கேட்கும் பயிற்றுநர்களுக்கு ஒரு பதில் உண்டு. வலியைச் சொன்னவுடன் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ஓட்டத்தைக் குறைத்து நீச்சலோ மிதிவண்டியோ தரலாம். பலவீனமான தசையைப் பலப்படுத்தலாம். சுமையைக் குறைத்து, பிறகு வாரவாரமாகக் கூட்டலாம். முதல் வாரமே நான் சொன்னது காதில் விழுந்திருந்தால் எனக்குச் சில வாரங்கள் மட்டும் போயிருக்கும். மறைத்ததால் எல்லாம் போனது. பதக்கக் கணக்குப் போடுபவர்களுக்கும் இதுதான் இலாபமான வழி.

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘இன்று வலி எத்தனை, எங்கே?’ என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். செலவு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது. எண் வாரவாரம் ஏறினால் கிளினிக்குக்கு அனுப்பலாம். வலியைச் சொன்னதற்காக யாரும் அணியிலிருந்து நீக்கப்பட மாட்டார்கள் என்று பயிற்றுநர் முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லலாம். பெண் பிள்ளைகளிடம் உணவையும் மாதவிலக்கையும் பற்றிப் பேச ஓர் ஆசிரியை வேண்டும். மாணவர்கள் தங்களுக்குள் மாத்திரை கொடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் மொழிக்கழகத்தின் முன்னாள் உறுப்பினர்களில் மருத்துவர்கள், இயன்முறைச் சிகிச்சையாளர்கள், விளையாட்டு அறிவியல் பட்டதாரிகள் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துப் பள்ளிகளுக்கு வாருங்கள். உழைப்பு வலிக்கும் எச்சரிக்கை வலிக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். தமிழில் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வலி முதலில் தாய்மொழியில்தான் வாய்க்கு வருகிறது. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, தெறிக்கிறது என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். பதின்மூன்று வயதில் மலாய் மொழியில் எனக்குத் தெரிந்த சொல் ‘சாக்கிட்’ ஒன்றுதான். அந்த ஒரு சொல்லால் என் காலின் கதையை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

சிரம்பான் மண் கிஷோனாவைத் தந்தது. 2019 சீ விளையாட்டுப் போட்டியில் அவர் பூப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றபோது எங்கள் தாமானே ஆர்ப்பரித்தது. இன்னும் பலர் வருவார்கள். வரும் வழியில் எத்தனை பேர் சத்தமில்லாமல் நொண்டி விலகிப் போகிறார்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. அந்தக் கணக்கில் ஒருத்தி நான்.

சித்தப்பா மகனிடம் மாத்திரையின் பெயரை நான் சொல்லவில்லை. “எங்கே வலிக்குது? ஒரு விரலால காட்டு” என்றேன். தயங்கினான். “டீம்ல இருந்து எடுத்துருவாங்கக்கா” என்றான். என் காலை நீட்டி, முறிவு இருந்த இடத்தை அவன் விரலைப் பிடித்தே தொட வைத்து, கதையின் மறுபாதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு குனிந்து, தன் வலது குதிகாலுக்குச் சற்று மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். “எத்தனை?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஏழு” என்றான். மறுநாள் காலை அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அணியில் அவன் இடம் இருக்குமா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. அவன் பயிற்றுநரைப் பார்க்க அடுத்த வாரம் நானே போகிறேன்.